2,180 கிலோமீட்டர்... கோணிப்பைக்குள் அப்பாவின் ஸ்ப்ளெண்டர்!

அக்காவுக்கு டெல்லியில் வேலை கிடைத்ததும் வீட்டில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" இல்லை. "வண்டி என்ன பண்றது?" என்பதுதான்.

வண்டி என்றால் அப்பாவின் ஸ்ப்ளெண்டர். 2012 மாடல். டிஎன்-09 என்று தொடங்கும் கே.கே. நகர் நம்பர். முழங்கால் வலியால் அப்பா அதை எடுப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்து, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் உறும விட்டுத்தான் காபி குடிப்பார். அப்படிப்பட்டவர், "நீயே எடுத்துட்டுப் போ. அங்க பஸ்ஸுக்கு நின்னுட்டு இருக்காத" என்று சாவியை நீட்டியபோது அக்காவே கொஞ்சம் தடுமாறிவிட்டாள்.

விசாரித்ததில் இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. ஒன்று, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும். இங்கே ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கி, அங்கே மறுபதிவு செய்து, சாலை வரியும் கட்ட வேண்டும். இன்னொன்று டெல்லிக்கே உரியது. 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும், 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. (அதன் பிறகு நீதிமன்றம் அதில் மாற்றங்களும் செய்திருக்கிறது. நாங்கள் கிளம்பியபோது, 2024 நவம்பரில், நிலவரம் இதுதான்.) அந்தக் கணக்குப்படி எங்கள் வண்டிக்கு 2027 வரைதான் டெல்லியில் ஆயுசு.

அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஒரு வருஷம் ஓட்டட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

சாமான்களுக்கு ஒரு பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் கம்பெனியைப் பிடித்தோம். மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரைத் தேர்ந்தெடுத்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், அம்மா விடாப்பிடியாக ஏற்றிய வெட் கிரைண்டர் எல்லாம் லாரியில் போயின. சிலிண்டரை மட்டும் ஏற்ற முடியாது. கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிக்கொண்டால் புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு வாங்கலாம்.

வண்டியை லாரியில் ஏற்ற அப்பா சம்மதிக்கவில்லை. "ரயில்லதான் போகணும். நீங்க போற அதே ரயில்ல."

ரயிலில் பைக் அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. பார்சலாகப் போட்டால் நாம் போக வேண்டியதில்லை. ஆனால், எந்த ரயிலில் இடம் இருக்கிறதோ அதில்தான் போகும். பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால் பொதுவாக நாம் போகும் ரயிலிலேயே வரும், கட்டணம் கூடுதல். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆர்சி, இன்ஷூரன்ஸ், அடையாள அட்டை நகல்கள் கேட்பார்கள். வண்டி அப்பா பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் எடுத்துப் போனோம்.

சென்ட்ரல் பார்சல் பகுதியை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மீன் பெட்டி, துணி மூட்டை, பூக்கூடை என்று ஊரே அங்கே மூட்டை கட்டிக் கிடக்கும். பேக்கிங் செய்யும் அண்ணன் ஒருவர் முதலில் பெட்ரோல் டியூபைக் கழற்றி, டேங்கில் இருந்த கடைசிச் சொட்டு வரை வடித்தார். டேங்க் காலியாக இல்லாவிட்டால் வண்டியை ஏற்ற மாட்டார்கள். அடுத்து கண்ணாடிகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஹெட்லைட்டுக்கு அட்டை, டேங்குக்கு வைக்கோல், மேலே கோணி. கோணி ஊசி சரசரவென்று ஓடியது. இருபதே நிமிடம். அப்பாவின் ஸ்ப்ளெண்டர் அடையாளமே தெரியாமல் போய்விட்டது.

ஒரு அட்டையில் சென்னை - புது டெல்லி, அக்கா பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிக் கட்டினோம். அப்பா குனிந்து, அந்த முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "மழையில நனையாம வைக்கச் சொல்லு" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

இரவு 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கிளம்பியது. மறுநாள் காலை வாரங்கல். பிறகு பல்லார்ஷா. மதியம் நாக்பூரில் பிளாட்பாரம் முழுக்க ஆரஞ்சு. நான் பழம் வாங்குகிற சாக்கில் லக்கேஜ் பெட்டி வரை ஓடிப் போய்ப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. பின்னே, ஜன்னல் வழியாகக் கையாட்டவா போகிறது?

போபால் தாண்டும்போது அக்காவின் போன் அடித்தது. பேக்கர்ஸ் ஆள். "மேடம், உங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. பர்மிட் செலவும் ஆகியிருக்கு. 12,000 அனுப்பினாதான் சாமான் இறங்கும்."

மூன்றாவது மாடி என்பது முதல் நாளே சொன்னது. ஆனால், அதை ரசீதில் எழுதி வாங்கவில்லை. எழுதி வாங்கியது பொருட்களின் பட்டியலை மட்டும்தான். அன்று இரவு அக்கா தூங்கவே இல்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க பயமாக இருந்தது. புது ஊர், புது வேலை, கையில் இரண்டு பெட்டி.

புது டெல்லியில் இறங்கியபோது விடிந்ததே தெரியவில்லை. அவ்வளவு புகை. கண் எரிந்தது. ரசீதைக் காட்டிக் காத்திருந்தோம். தள்ளுவண்டியில் மூட்டைகளோடு மூட்டையாக வந்து நின்றது எங்கள் கோணி. ஒரு பக்கம் கிழிந்து, கிழிசல் வழியாக டிஎன் என்ற இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். ஃபுட்ரெஸ்ட் கொஞ்சம் வளைந்திருந்தது. மற்றபடி கீறல்கூட இல்லை. சரக்கை உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அதற்கும் கட்டணம் என்பதால் அழுகையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டோம்.

காலி டேங்க். பெட்ரோல் பங்க் வரை இருவரும் மாறி மாறித் தள்ளினோம். பங்கில் நின்ற ஒருவர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸா? எந்த ஏரியா?" என்றார். கரோல் பாக்கில் இருபது வருடமாக இருக்கிறாராம். மயூர் விகாருக்கு வழி சொன்னதோடு, வளைந்த ஃபுட்ரெஸ்ட்டை ஓர் உதை உதைத்து நிமிர்த்தியும் கொடுத்தார்.

சாமான்கள் வர ஐந்து நாள் ஆனது. பேரம் பேசி 5,000 கொடுத்த பிறகுதான் இறக்கினார்கள். அதுவரை தரையில் போர்வை விரித்துப் படுத்தோம். கிரைண்டர் கல் உடையவில்லை. பீரோ கண்ணாடி உடைந்தது. இப்போது யார் வீடு மாற்றுவதாகச் சொன்னாலும் அக்கா முதலில் கேட்பது, "மாடிக் கூலியைச் சேர்த்து மொத்தத் தொகையை எழுதி வாங்கினியா?" என்றுதான்.

அடுத்த மாதத்தோடு 12 மாதம் முடிகிறது. டெல்லி நம்பர் வாங்கி, வரி கட்டி, இரண்டு வருடம் ஓட்டுவதா, ஊருக்கே திருப்பி அனுப்புவதா என்று அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பா எதுவும் சொல்வதில்லை. போன வாரம் போனில் மட்டும், "அந்தக் கோணியில கட்டின அட்டையைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

போடவில்லையாம். பீரோவில்தான் வைத்திருக்கிறாளாம்.