நிலைமொழியும் வருமொழியும்

சத்திரம் பேருந்து நிலையத்தில் நகரப் பேருந்து ஏறித் திருவரங்கம் செல்லும்போதெல்லாம், ஊர்ப்பெயர்களை மனத்திற்குள் பிரித்துச் சேர்த்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. 'திரு' என்னும் ஒரே சொல்தான். சிராப்பள்ளியோடு சேரும்போது இடையில் ஒரு 'ச்' தோன்றித் திருச்சிராப்பள்ளி ஆகிறது. அரங்கத்தோடு சேரும்போதோ ஒரு 'வ்' தோன்றித் திருவரங்கம் ஆகிறது. உறையும் ஊரும் கூடினால் 'ய்' நடுவே வந்து நிற்கிறது. 'கொள்' என்பதும் 'இடம்' என்பதும் கூடினால் ளகரம் இரட்டித்துக் கொள்ளிடம் பிறக்கிறது. இலக்கணம் பயிலாதவர் நாவிலும் இவ்விதிகள் குடியிருக்கின்றன.

சொல்லும் சொல்லும் கூடுவதைப் புணர்ச்சி என்றனர் நம் முன்னோர். முன்னே நிற்பது நிலைமொழி. அதனை நாடி வருவது வருமொழி. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் 9 இயல்களில் 6 இயல்கள் இந்தக் கூடலையே ஆராய்கின்றன. கூடும்போது நேரும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்து, நம் மண்ணுக்கு மறைபரப்ப வந்த வீரமாமுனிவரும் இவ்விதிகளைக் கற்றுத் தேர்ந்து, 1730-இல் 'தொன்னூல் விளக்கம்' என்னும் இலக்கண நூலையே இயற்றினார்.

குருமடத்தில் பயின்ற நாள்களில், பாரிசில் படித்துத் திரும்பிய மூத்த குரு ஒருவர் எங்களுள் விரும்பியவர்களுக்கு மாலைவேளையில் பிரெஞ்சு கற்பித்தார். அம்மொழியில் சொல்லின் இறுதியில் எழுதப்படும் மெய் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால், உறங்கிக்கிடந்த அந்த மெய் பல இடங்களில் விழித்துக்கொள்ளும். நண்பர்களைக் குறிக்கும் 'லே', 'அமி' என்னும் இரு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் 'லேஸமி' என்றாகும். எங்கள் செவியில் அது 'சாமி' என்று விழ, வகுப்பே சிரித்தது. ஆனால், 'வீரர்கள்' என்னும் சொல்லுக்கு முன் அவ்வொலி எழக்கூடாது; எழுந்தால் வீரர்கள் அனைவரும் வெறும் சுழியங்கள் ஆகிவிடுவர்! நம் தமிழர் குடியேறிய மொரீசியசின் கிரியோல் மொழியில் பறவைக்கு 'ஸ்வாஸோ' என்று பெயர். பிரெஞ்சில் பறவை 'வாஸோ' மட்டுமே. பன்மையில் இடையே எழுந்த ஒலி, வந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

நம் மொழியிலும் ஒற்றொன்று பொருளை மாற்றும். 'வேலை கொடு' என்றால் பிழைக்க வழி கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் ஆயுதம் கேட்கிறோம். இந்த நுட்பங்களில் எனக்கு அந்நாளில் பெருமிதம் உண்டு. அப்பெருமிதம் செய்த பிழையைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

நான் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்ற முதல் பங்கில் கொத்தனார் ஒருவர் இருந்தார். அறுபது வயதை நெருங்கியவர். தொண்ணூறுகளில் நடந்த அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர். திருப்பலியில் ஒரு முறையேனும் வாசகம் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வாய்ப்பளித்தேன். 'அவரைக்' என்று வாசித்து நிறுத்துவார்; விரலை நகர்த்தி, மூச்சு வாங்கி, 'கண்டு' என்பார். ஒவ்வோர் ஒற்றும் அந்தரத்தில் தொங்கியது. திருப்பலி முடிந்ததும் திருப்பொருளறையில், பீடச் சிறுவர்கள் முன்னிலையில், "ஒற்றை விட்டுவிட்டுச் சொல்லை வாசித்தால் என்ன பொருள் வரும்? இன்னும் பழகிவிட்டு வாருங்கள்" என்றேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, "சரிங்க சாமி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் வாசிக்க வரவில்லை. திருப்பலிக்கு வருவார், கடைசித் தூணருகே நிற்பார்.

அவ்வாண்டில்தான் திருவரங்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் நட்பு எனக்குக் கிடைத்தது. வைணவப் பெரியவர். உத்தர வீதியில் இருந்த அவர் இல்லத் திண்ணையில் அமர்ந்து நன்னூல் கேட்பேன். ஒருநாள் கொத்தனாரின் வாசிப்பை வேடிக்கை போலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "ஃபாதர், மரத்தோடு வேர் சேர்ந்தால் என்ன ஆகும்?" என்றார்.

"மரவேர், ஐயா."

"எது கெட்டது?"

"மரத்தின் மகரம்."

"மண்ணோடு குடம் சேர்ந்தால்?"

"மட்குடம். ணகரம் டகரமாகத் திரிந்தது."

"இரண்டிலும் மாறியது நிலைமொழிதானே? வந்தது அப்படியே இருக்கிறது. பொற்றாமரை போல இரண்டும் மாறுவதும் உண்டு. ஆனாலும், முன்னே நிற்பவன்தான் பெரும்பாலும் இடம் கொடுக்கிறான். வருகிறவனை மாறிவிட்டு வா என்று வாசலில் நிறுத்துவதில்லை."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார். திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தைப் பேருந்து கடக்கையில் என் முகம் எனக்கே சுட்டது. எழுத்தை என்னிடம் நாடி வந்த மனிதருக்கு நான் ஒரு மாத்திரை அளவும் இடம் கொடுக்கவில்லை. பீடத்தருகே நிலையாக நின்றவன் நான், வந்தவர் அவர்.

மறுநாள் மாலை அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "சாமி சொன்னதுல தப்பில்லீங்க. எனக்குத்தான் கண்ணு மங்கல்" என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தார். விடவில்லை. வாரம் இரு மாலை பங்கு இல்லத்தில் இருவரும் சேர்ந்து அமர்ந்தோம். சேர்த்து வாசிக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் ஒரு வளைவு போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்து, "செங்கல்லுக்கு நடுவுல பூசுற கலவை மாதிரிங்களா சாமி?" என்றார். உடம்படுமெய்க்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. அது இந்தச் சொல்லுக்கும் உரியதன்று, அந்தச் சொல்லுக்கும் உரியதன்று. இரண்டையும் உடன்படுத்தவே வருகிறது.

அடுத்த தவக்காலத்தில் அவர் மீண்டும் வாசித்தார். இரண்டு இடங்களில் ஒற்று தொங்கத்தான் செய்தது. என் செவிக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

கொத்தனாரும் இன்று இல்லை, தமிழாசிரியரும் இல்லை. பென்சில் வளைவுகள் இட்ட அந்தத் தாள்களுள் ஒன்று மட்டும் என் செபப் புத்தகத்திற்குள் இருக்கிறது. புதிதாக ஒருவர் வாசகம் வாசிக்க வந்து தயங்கி நிற்கும்போது, அதை ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.