எஃப் 1 அழுத்தினால் போதுமா?

கணினியை இயக்கியவுடன் கருந்திரையில் வெள்ளை எழுத்துகளில் சில ஆங்கில வரிகள் தோன்றி, "தொடர வேண்டுமானால் எஃப் 1 விசையை அழுத்தவும்" என்று கேட்டு நிற்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். சில கணினிகளில் அது "சீமாஸ் செக்சம் எர்ரர்" என்றிருக்கும். சிலவற்றில் "சீமாஸ் பேட்டரி லோ" என்றோ, தேதியும் நேரமும் குறிக்கப்படவில்லை என்றோ இருக்கும். விசையை அழுத்தினால் கணினி வழக்கம்போல் திறந்துகொள்ளும். மறுநாள் காலையில் மீண்டும் அதே வரிகள். எத்தனையோ வீடுகளில் இது மாதக்கணக்காக நடைபெறுகிறது. பல் துலக்குவதைப்போல எஃப் 1 அழுத்துவதும் காலைக் கடமைகளில் ஒன்றாகிவிடுகிறது.

நான் கணினிப் பொறியாளன் அல்லன். அந்தமானில், போர்ட் பிளேரில், மொத்த மளிகைக் கடையொன்றில் கணக்கெழுதுகிறவன். (2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் எங்கள் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் எங்கள் நாவில் இன்னும் பழைய பெயரே வருகிறது.) பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறிய நாள்முதல், இவ்விதச் சிறு கோளாறுகளை நானே பார்த்துப் பழகிக்கொண்டேன். இங்கே ஒரு சிறு பாகத்துக்காகவும் சென்னையிலிருந்து வரும் கப்பலை எதிர்நோக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் எவரும் அரைத் தச்சனாகவும் அரை மின்பணியாளனாகவும் ஆகாமல் இருந்திருக்க முடியாது.

டெலானிப்பூரில் தையல் தொழில் செய்யும் சகோதரி ஒருவர் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என்னை அழைத்திருந்தார். அவருடைய கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிளஸ் டூ படிக்கும் ஒரே மகன். அவர்கள் வீட்டுக் கணினியிலும் இதே செய்திதான், மே மாதத்திலிருந்தே. மகன் வீட்டில் இருக்கையில் தேதியைக் கையால் திருத்திவைப்பான். அவன் பள்ளிக்குச் சென்றபின் தாயார் எஃப் 1 அழுத்தித் தம் வேலையைப் பார்ப்பார். இணையத்தில் ஒரு பக்கமும் திறவாது. அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதுமில்லை. பில் அடித்தால் போதும் அவருக்கு.

அந்தப் பில்லிலேதான் இடர் வந்தது. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்த வகையில் அவருக்கு 38,000 ரூபாய் வரவேண்டியிருந்தது. அவர் கொடுத்த பில்லில் தேதி 2009 ஜனவரி 1 என்று அச்சாகியிருக்கவே, பணம் கொடுக்க வேண்டியவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணினியைக் கடைக்குத் தூக்கிச் சென்றார்கள். கடைக்காரர் இயக்கிப் பார்த்தார். இணையப் பக்கங்கள் திறவாததைக் கண்டார். வைரஸ் புகுந்து விண்டோஸ் கெட்டுப்போயிற்று, வன்தட்டை முழுவதும் அழித்துப் புதிதாய் நிறுவ வேண்டும், தாய்ப்பலகையும் சந்தேகத்துக்குரியது, எல்லாமாகச் சேர்த்து 4,500 ரூபாய் ஆகும் என்று சொல்லியனுப்பினார்.

"பணம் இருக்கட்டும் அண்ணே, வாய்தா கேட்டாவது கொடுத்துவிடலாம். அழிப்போம் என்கிறாரே, அதுதான் எனக்கு ஆகவில்லை. அவருடைய போட்டோவெல்லாம் இதற்குள்ளேதானே இருக்கிறது?" என்றார் அந்தச் சகோதரி.

புகைப்படத்துக்காக ஏன் இத்தனை கலக்கம் என்று வெளியூர் வாசகர்கள் எண்ணக்கூடும். இவருடைய தகப்பனார் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1969 முதலாகக் கிரேட் நிக்கோபார் தீவில் முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு குடியேற்றியதே, அவ்வாறு காம்ப்பெல் பேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறி வந்தபோது உயிர்கள் தப்பின, வீடு தப்பவில்லை. தாயாரின் படம் என்று சொல்லிக்கொள்ள அவரிடத்தில் இன்று ஒரு துண்டுத் தாளும் கிடையாது. ஆனபடியால் "அழித்துவிடலாம்" என்ற சொல்லை அவர் சாதாரணமாய்க் கேட்டுக்கொள்ளவில்லை. மகனோ, கடைக்காரர் சொல்வதே சரியாயிருக்கும் என்று நினைத்தான்.

கோளாறு எப்போதெல்லாம் வருகிறது என்றுதான் எவரும் முதலில் கேட்பார்கள். எப்போது வருவதில்லை என்று கேட்பதில் பயன் அதிகம் என்பது என் அனுபவம். கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும், இடிக்காத பக்கங்களை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் நாங்கள் தேடுவோம். ஆகவே, "இந்தச் செய்தி வராத நாள் ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். தாய் இல்லையென்றார். மகன் சற்று யோசித்து, "ஒருநாள் ராத்திரி படம் இறக்குவதற்காகப் பிளக்கைப் பிடுங்காமல் விட்டிருந்தேன் மாமா. நடுராத்திரியில் கணினி தானாக அணைந்துவிட்டது. மறுநாள் காலையில் செய்தி வரவில்லை" என்றான்.

இந்த ஒரு பதிலிலேயே விடை வெளிப்பட்டுவிட்டது. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ளக் கணினியின் உள்ளே சற்று நோக்கவேண்டும்.

தாய்ப்பலகையில் ஒரு சிறு கடிகாரம் உண்டு. கைக்கடிகாரத்தில் இருப்பதைப்போலவே, நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதனை நடத்துகிறது. கணினி அணைந்திருக்கும்போதும் இது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கென்றே ஐந்து ரூபாய் நாணயத்தைப் போன்ற ஒரு வட்ட மின்கலம் அருகில் பொருத்தப்பட்டிருக்கிறது. சிஆர் 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதன் அழுத்தம் 3 வோல்ட். ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் வெளியிட்ட முதல் பிசியில் இப்படியொரு கடிகாரம் இருக்கவில்லை. இயக்கும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் மனிதரே தட்டச்சு செய்யவேண்டும். 1984-இல் வந்த ஏடி கணினியில்தான் மோட்டரோலாவின் சில்லு ஒன்று, கடிகாரத்தையும் 64 பைட் அளவுள்ள சிறு நினைவிடத்தையும் சேர்த்துத் தாங்கி, மின்கலத்தின் உதவியால் இரவும் பகலும் விழித்திருக்கத் தொடங்கிற்று.

சீமாஸ் என்பது அந்த நினைவிடத்தின் வழக்குப் பெயராகும். எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்பன போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். அக்குறிப்புகளின் கூட்டுத்தொகையும் கூடவே எழுதப்பட்டிருக்கும். காலையில் கணினி விழித்தவுடன் மறுபடியும் கூட்டிப் பார்க்கிறது. தொகை இடித்தால் "செக்சம் எர்ரர்" என்கிறது. பக்கத்தின் அடியில் எழுதிய மொத்தத்தோடு மேலேயுள்ள தொகைகள் ஒத்துவராவிட்டால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன் அல்லவா, அதே செயல்தான். மின்கலம் வற்றினால் குறிப்புகள் குலைகின்றன. கடிகாரமும் தயாரித்தவர்கள் குறித்துவைத்த ஏதோவொரு பழைய தேதிக்குத் திரும்பிவிடுகிறது. புதிய கணினிகள் பலவற்றில் குறிப்புகள் வேறிடத்தில் பத்திரமாயிருக்க, தேதி மட்டும் தொலைந்துபோகும். சகோதரியின் கணினி இவ்வகையைச் சேர்ந்தது.

பிளக் சுவரில் இருந்து சுவிட்சும் போட்டிருக்குமட்டும், கணினி அணைந்திருந்தாலும் கடிகாரம் சுவர் மின்சாரத்திலேயே ஓடும், மின்கலத்தைத் தொடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்புதான் மின்கலம் சுமையை ஏற்கிறது. எங்கள் தீவிலோ இடி மின்னலுக்குப் பயந்து இரவில் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவைப்பதே வழக்கம். இங்குள்ள மின்சாரத்தின் பெரும்பகுதி டீசல் இயந்திரங்களில் உற்பத்தியாவது. அழுத்தம் ஏறும், இறங்கும். பிடுங்குவது அறிவுள்ள செயல்தான், குறைசொல்லமாட்டேன். ஆனால் அதன் பலனாகச் சமவெளி நாட்டில் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கும் மின்கலம் இங்கே முன்னதாகவே ஓய்ந்துபோகிறது.

இனி, இணையப் பக்கங்கள் ஏன் திறக்கவில்லை? வங்கி, அரசு அலுவலகம், அஞ்சல் என்று எந்தப் பாதுகாப்பான தளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டிய பின்பே பேசத் தொடங்கும். அந்தச் சான்றிதழில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கணினி தன்னை 2009-இல் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தால், இந்த ஆண்டில் தொடங்கும் சான்றிதழ் அதன் பார்வையில் செல்லாச் சான்றிதழ். வைரஸ் எதுவும் இதில் இல்லை. உலாவி தெளிவாகவே "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லியும் இருந்தது.

விண்டோஸ் தானாகவே இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளாதா என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. திருத்தும், ஆனால் வீட்டுக் கணினிகளின் இயல்பான அமைப்பில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேற்பட்டால் அது கைவைப்பதில்லை. சில நிமிடம் பிந்திய கடிகாரத்தை அது நம்பும். பல ஆண்டு பிந்தியதை மனிதர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ளது, எங்கள் தீவுகளுக்குத் தொடக்கி வைக்கப்பட்டது. அதற்குமுன் செயற்கைக்கோள் வழியே இணையம் தவழ்ந்து வந்த நாட்களில், நேரம் திருந்தவில்லையென்றால் கம்பியைக் குறைசொல்வோம். இப்போது அந்தச் சாக்குக்கும் இடமில்லை.

நேரத்தைப் பற்றிப் பேசுகையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்திய நேரம் மிர்சாப்பூரை ஒட்டிச் செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகைக்குரியது. நாங்களோ 92¾ பாகையை ஒட்டி இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், எங்கள் சூரியன் எங்கள் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்தியே நடக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு இருட்டிவிடும். ஊரிலிருந்து புதிதாய் வந்தவர்கள் முதல் வாரம் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மின்கலம்தான் காரணம் என்று முடிவு செய்வதற்குமுன் அன்று இரவு பிளக்கைப் பிடுங்காமல் வைக்கச் சொன்னேன், வானம் வெளுத்திருந்தது. மறுநாள் செய்தி வரவில்லை. அதற்கடுத்த இரவு பிடுங்கச் சொன்னேன். காலையில் செய்தி வந்தது. காசில்லாத இந்தச் சோதனைக்குப் பிறகே அபர்டீன் பஜாரில் நாற்பது ரூபாய் கொடுத்து ஒரு சிஆர் 2032 வாங்கினோம். உறை பிரியாததாகவும் அச்சிட்ட தேதி பழையதல்லாததாகவும் பார்த்து வாங்கவேண்டும். கடற்காற்றில் திறந்து கிடந்தது உதவாது.

மாற்றும் வேலை பத்து நிமிடம். முதற்காரியமாக, படங்கள் முழுவதையும் ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்தோம். சகோதரி அருகிலேயே நின்று, ஒவ்வொரு கோப்புறையாய்த் திறந்து காட்டச் சொன்னார். பின்பு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மீதி மின்சாரம் வடிய இயக்கு பொத்தானை ஒருமுறை அழுத்தி, பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னையும் போக்கிக்கொண்டோம். ஓரத்திலுள்ள சிறு கொக்கியை நகத்தால் தள்ள, பழைய மின்கலம் எழும்பி வந்தது. புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்தினான் பையன். இயக்கியவுடன் டெலீட் விசையைத் தட்டி அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, தேதியும் நேரமும் பதித்து, சேமித்து வெளியே வந்தோம்.

எல்லாக் கணினியிலும் இவ்வளவு எளிதாய் முடிவதில்லை. பழைய தாய்ப்பலகைகள் சிலவற்றில், குறிப்புகள் குலையும்போது வன்தட்டை வாசிக்கும் முறையும் ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ஐடிஇ என்று மாறிவிடும். அப்போது விண்டோஸ் பாதியில் நீலத்திரை காட்டி நின்றுவிடும். வன்தட்டு செத்தது என்று அறிவித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை அமைப்புப் பக்கத்தில் பழையபடி மாற்றினாலே போதும். வட்டை அழிக்கச் சம்மதிக்குமுன் இதைக் கேட்டுப் பாருங்கள். புதிய மின்கலம் போட்டும், பிளக் சுவரிலேயே இருந்தும் தேதி தவறினால் மட்டும் தாய்ப்பலகையைச் சந்தேகிக்கலாம்.

மின்கலம் மாற்றிய அன்று மாலை, மேசையில் வேறொரு வேலை மிச்சமிருந்தது. மே முதல் அடித்த பில்களில் தாயார் தனியே அடித்தவை அறுபத்து மூன்று. அத்தனையும் 2009 ஜனவரி 1 என்ற ஒரே தேதியில், அவருடைய திருமணத்துக்கும் முந்தின ஒரு நாளில் குவிந்துகிடந்தன. தேதி வரிசையில் பார்த்தால், இந்த ஆண்டுச் சீருடைக் கணக்குகள் கணவரின் படங்களுக்கும் அடியில் போய்க் கிடந்தன. சரியான தேதியை எங்கிருந்து எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், சகோதரி தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து அளவு நோட்டைக் கொண்டுவந்தார். துணி வாங்கிய நாள், கொடுத்த நாள், முன்பணம், எல்லாம் பென்சிலில் இருந்தது. அவர் வாசிக்க, பையன் திருத்தினான். சீருடைப் பில்லை முதலில் புதிதாய் அடித்து உறையில் போட்டார்கள். இரண்டு பில்களுக்கு மட்டும் நோட்டில் பதிவில்லை. ஒன்று பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாவாடை, அது எந்த நாள் என்று உடனே சொல்லிவிட்டார். மற்றொன்றுக்குச் சற்று நேரம் கண்ணை மூடி நின்று, "அன்றைக்குக் கடைசிப் பஸ்ஸும் வராமல் மழை கொட்டிற்றே, அந்த வியாழக்கிழமை" என்றார்.