வண்டிக்குப் போட்ட சட்டை

மோட்டார் சைக்கிளுக்கு முதன்முதலில் சட்டை மாட்டிவிட்டது காற்றுதான் என்று சொல்ல வேண்டும். பந்தயக்காரர்கள் வேகத்தைக் கூட்டக் கூட்ட, எஞ்சினின் வலுவில் பெரும்பகுதி எதிர்க்காற்றைத் தள்ளுவதிலேயே கரைந்துபோவதைக் கண்டார்கள். ஆகவே வண்டியை மூடினார்கள். 1950-களில் ஐரோப்பியப் பந்தயங்களில் முன்சக்கரத்தையும் சேர்த்து விழுங்கிய உலோகக் கூடுகள் ஓடின. பக்கக் காற்று பலமாக வீசினால் ஆளையும் வண்டியையும் சேர்த்துத் தள்ளக்கூடிய அந்த முரட்டுக் கூட்டை 1957-ம் வருஷத்தோடு தடை செய்துவிட்டார்கள். சாதாரண ஜனங்கள் வாங்கும் வண்டிக்கு முழுச்சட்டையை அளவெடுத்துத் தைத்து 1976-ல் விற்பனைக்கு விட்டது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நம் நாட்டில் 2003-ல் கரிஸ்மா அரைச்சட்டையோடு வந்தது. 2008-ல் யமஹா ஆர்15 முழுச்சட்டையோடு வந்தது. அன்று முதல் இளவட்டங்களுக்கு மற்ற வண்டிகளெல்லாம் வெற்றுடம்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன.

இந்தச் சட்டைக்கு ஆங்கிலத்தில் ஃபேரிங் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு சென்னையில் ஒரு கடைக்குப் போய்ப் பாருங்கள். சக்கரத்துக்குப் போடும் பேரிங்கை எடுத்து நீட்டுவார்கள். நம் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். மெக்கானிக்குகள் புத்திசாலிகள். முன்பக்கத்தை ‘டூம்’ என்றும், பக்கங்களை ‘சைடு பேனல்’ என்றும், மொத்தத்தையும் ‘ஃபைபர்’ என்றும் அழைத்து விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். ஃபைபர் என்று பெயரே தவிர அதில் பெரும்பாலும் ஓர் இழைகூடக் கிடையாது. சுத்தமான பிளாஸ்டிக்.

இவ்வளவும் நான் தெரிந்துகொண்டதற்குக் காரணம் என் அக்கா மகன். சென்ற ஐப்பசி மழையில் மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு திருப்பத்தில் அவன் வண்டியோடு சறுக்கி விழுந்தான். முழங்கையில் தோல் உரிந்தது; வேறொன்றுமில்லை. வண்டியின் இடது பக்கப் பேனலில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது.

“புதுசு மாட்டிவிடு” என்றாள் அக்கா.

“ஸ்டிக்கரோடு சேர்த்து 3,800 ரூபாய் அம்மா. ஒரு கோட்டுக்காகவா?” என்றான் பையன். வண்டிக்கு மாதத் தவணை, வீட்டு வாடகை எல்லாம் அவன் சம்பளத்தில்தான் நடக்கின்றன. அவன் கேட்டதில் தப்பில்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தேய்மானக் கழிவில்லாத தனிப் பாலிஸி எடுத்தாலொழிய, பிளாஸ்டிக், ரப்பர், நைலான் சாமான்களுக்கெல்லாம் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கிளெயிம் இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டியதற்காகக் கிடைக்கும் 20 சதவீதச் சலுகையும் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதே மேல்.

ஆனால் அக்காவின் கணக்கு ரூபாய்க் கணக்கு அல்ல. அத்தான் 2011-ல் ஸ்கூட்டரில் கடைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஸ்கூட்டர் மட்டும் சில வாரம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தது. இரும்புத் தகட்டில் ஒரு குழி. டிங்கர் அதை உள்ளேயிருந்து தட்டி எடுத்து, பட்டி பூசி, பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். குழி இருந்த இடம் எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை; அக்காவுக்குத் தெரிந்தது. முதலில் கேட்டவனுக்குக் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டாள். இப்போது வாசலில் நிற்கும் இந்த வண்டியைக் கடந்துதான் அவள் தினமும் கோலம் போடப் போக வேண்டும். “அந்தக் கோடு என் கண்ணில் படக்கூடாதுடா தம்பி” என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். இதை நான் பையனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் கடன் வாங்கி மாட்டியிருப்பான்.

நடுவழி ஏதாவது உண்டா என்று பார்க்கப் புதுப்பேட்டைக்குப் போனோம். உடைத்த வண்டிகளின் உறுப்புகள் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் இடம் அது. பேனல் கிடைத்தது. கிடைத்ததன் நிறம் வெயிலில் வெளிறி, சலவைக்குப் போய் வந்த சட்டைபோல் இருந்தது. அதுவும் யாரோ விழுந்த வண்டியிலிருந்து கழற்றியதாகத்தானே இருக்கும்? அக்கா கேட்கக்கூடிய முதல் கேள்வி அதுதான். வாங்காமல் திரும்பினோம். மலிவான போலிப் பேனல்களும் கடைகளில் உண்டு. துளைக்கு நேராகத் துளை வராது. திருகாணியை முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் ஆறு மாதத்தில் அதுவும் விரியும்.

கடைசியில் ஆதம்பாக்கத்தில், ஒரு பூவரச மரத்தடியில் ‘ஃபைபர் வெல்டிங்’ என்று பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. பேனலைக் கழற்றிக் குப்புறப் போட்டார். உட்பக்கத்தில், ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே ஏ.பி.எஸ். என்று அச்சாகியிருந்தது.

“ஏ.பி.எஸ். என்றால் பிரேக் இல்லையா?” என்றான் பையன்.

“இது வேற, தம்பி” என்றார் அவர்.

வேறுதான். அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றின் கூட்டு. நடுவில் இருப்பது ரப்பர் ஜாதி. அடியைத் தாங்கும் குணம் அதனால்தான் வருகிறது. வருஷக்கணக்கில் வெயில் பட்டால் முதலில் கெடுவதும் அந்த ரப்பர்தான். பெயிண்ட் அடித்த பேனல்கள் பெரும்பாலும் இந்த இனம். கறுப்பாகவே விடப்பட்ட மட்கார்டு போன்றவை பல வண்டிகளில் பாலிபுரோப்பிலீன். எழுத்து அழிந்துபோன சாமானுக்கு அவர் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார். ஓரத்தில் நகத்தளவு சீவி, டீ கிளாஸில் தண்ணீர் பிடித்துப் போடுகிறார். ஏ.பி.எஸ். மூழ்கியது, பக்கத்து வண்டியின் மட்கார்டுத் துணுக்கு மிதந்தது. மூழ்குவது அசிட்டோனில் கரையும், மிதப்பது கரையாது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது. ரசாயனத்தைப் பாதியில் விட்ட எனக்கு, அந்த டீ கிளாஸைப் பார்த்ததும் இவரைப்போல ஒரு வாத்தியார் வாய்த்திருக்கலாமே என்று தோன்றியது.

“கோடு ஒண்ணும் பெரிசில்ல சார். இதைப் பாருங்க” என்று அவர் காட்டியது, பேனலைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் காதுகளை. இரண்டு முறிந்திருந்தன. பேனல் மீதிப் பிடிகளின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்குகிற பேனல் ஆடும். ஆடினால் விரிசல் நீளும். சைலன்ஸர் குழாயில் பட்டால் உருகும். திரும்பும்போது ஹேண்டிலுக்குக் குறுக்கே வந்தால் வண்டி ஆளைக் கவிழ்க்கும். நாங்கள் ஒரு வாரமாகச் சண்டை போட்டது கோட்டைப் பற்றி. ஆபத்து இருந்ததோ யாரும் பாராத உட்பக்கத்தில்.

வேலையை அருகிலிருந்து பார்த்தேன். விரிசல் எங்கே முடிகிறதோ அந்த நுனியில் பொடித் துரப்பணத்தால் ஒரு சிறு துளை போட்டார். ஊசிமுனை போன்ற நுனியில் குவிகிற இழுவிசை, வட்டமான துளையைச் சுற்றிப் பரவிவிடுகிறது. கோடு அதற்கு மேல் நடக்காது. பிறகு உட்பக்கமாக விரிசல் நெடுகிலும் சால்டரிங் அயர்னால் வாய்க்கால் பறித்தார். அதில் மெல்லிய எவர்சில்வர் கம்பி வலையை வைத்துச் சூட்டோடு அமுக்கிப் புதைத்தார். மேலே, பழைய ஏ.பி.எஸ். பேனலிலிருந்து கீறிய பட்டைகளை உருக்கி ஊற்றினார். இனத்தோடு இனம்தான் சேரும். வேறு பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றினால் ஒட்டியதுபோல் இருந்து ஒரு நாள் உரிந்து வரும். புகை கெடுதல் என்று காற்றோட்டமாக உட்கார்ந்துதான் செய்கிறார். காதுகளுக்கு மட்டும் தனி மருந்து: ஏ.பி.எஸ். சீவல்களை அசிட்டோனில் ராத்திரி முழுக்க ஊறவைத்த, தேன் பதத்துக் குழம்பு. அதைத் தடவி ஒரு நாள் முழுக்க உலர விட்டார். சிலர் ஐந்து நொடிப் பசையையும் ஆப்ப சோடாவையும் கலந்து கல்லாக்கிவிடுவார்கள். கல்தான், ஆனால் எஞ்சின் அதிர்வுக்குக் கல் தாங்குவதில்லை, வளையத் தெரிந்ததுதான் தாங்கும் என்பது அவர் கட்சி.

மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். அவர் பேனலைத் திருப்பி உட்பக்கத்தைக் காட்டினார். கம்பி வலையும் உருகிய மேடும் பள்ளமுமாக, பார்க்க நன்றாகவே இல்லை. அக்கா கட்டைவிரலால் அதன் மேல் அழுத்திப் பார்த்தாள். காதைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள்.

“மழையிலே விட்டுப் போகுமா?”

“பக்கத்துல உடைஞ்சாலும் உடையும்மா, இந்த இடம் உடையாது.” பிறகு சற்றுத் தயங்கி, “தம்பி விழுந்ததுக்குக் காரணம் அங்க இருக்கு” என்று பின் டயரைக் காட்டினார். பள்ளங்களுக்குள் தேய்மானத்தைக் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் சின்ன மேடுகள் டயரின் மட்டத்துக்கே வந்துவிட்டிருந்தன. நடுவில் வழுக்கை.

அக்கா பையனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். புதுப் பேனலுக்காக முந்தானையில் முடிந்து வைத்திருந்த 3,800 ரூபாயை அவள் அங்கேயே அவிழ்த்தாள். மேலே கொஞ்சம் நான் போட்டேன். டயர் அன்று சாயங்காலமே மாறியது.

பேனலுக்கு வெளிப்பக்கம் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார் அவர். நிறம் ஒரு மாற்றுக் கூடுதல்தான். காலை வெயிலில் உற்றுப் பார்த்தால் தெரியும். மாட்டி முடித்த பிறகு ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் இரண்டு முறை திருப்பினார். “ஒரு விரல் சந்து இருக்கணும் சார்” என்று பேனலுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே தன் சுட்டுவிரலை விட்டுக் காட்டினார். அக்காவும் குனிந்து தன் விரலை விட்டுப் பார்த்தாள்.