வீட்டில் இருத்தப்பட்ட பிள்ளை

குளியாப்பிட்டியச் சிறுவனின் வழக்கில் சட்டத்தரணியாக நான் தோன்றவில்லை. கண்டியிலிருந்து கவனித்தவன் மட்டுமே. ஆனாலும் பிள்ளைக்கு வீட்டிலேயே படிப்பிக்கச் சட்டம் இடம் தருமா என்று கேட்டு வரும் பெற்றோரிடம் முதலில் அதைத்தான் சொல்கிறேன். 2016இன் தொடக்கத்தில், குளியாப்பிட்டியப் பகுதியில் ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. தொற்று என்று வதந்தி கிளம்பியது. அவன் பாடசாலைக்கு வந்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று மற்றப் பெற்றோர் நின்றார்கள். தொற்று இல்லையென்று மருத்துவ அறிக்கை சொல்லியும் அந்த அச்சம் தணியவில்லை. படிக்க வேண்டிய வயதில் அவன் வீட்டில் இருந்தான்.

இலங்கையின் 1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் வந்த ஒழுங்குவிதி, 5 முதல் 14 வயது வரையான பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும்படி பெற்றோரைக் கட்டாயப்படுத்தியது. அதன் மேல் எல்லை 2016இல் 16 ஆக உயர்ந்தது. பிள்ளையின் கல்விக்குப் போதுமான, தகுந்த வேறு ஏற்பாடு செய்திருக்கும் பெற்றோருக்கு மட்டும் அந்த ஒழுங்குவிதி விலக்களிக்கிறது. பாரம் முழுவதும் பெற்றோர் தலையில்தான். பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசல்வரை வந்தும் பாடசாலை கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இந்தக் கட்டாயத்தில் விடை இல்லை.

ஆகவே வழக்கு வேறு வழியால் போக வேண்டியிருந்தது. நமது அரசியலமைப்பில் கல்வி உரிமை, 27ஆம் உறுப்புரையில் அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடாகவே இருக்கிறது. அதை மட்டும் காட்டி எவரும் நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்க முடியாது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12(1)ஆம் உறுப்புரைதான் நமக்குள்ள கதவு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவாக வந்த அந்த விடயத்தில், தொற்றினால் பாதிக்கப்பட்டவர்கள் உட்பட எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்ற நிலைப்பாடு 2016 ஏப்ரல் 28 அன்று உறுதியானது. சிறுவனுக்கு இடம் கொடுத்தது எங்கள் ஊர்த் திரினிட்டி கல்லூரி. 1872இல் தொடங்கிய அந்தப் பாடசாலை, 1960களின் தொடக்கத்தில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தனியார் பாடசாலையாகவே நின்றுகொண்டது. இலவசக் கல்வியைப் பெருமையாகச் சொல்லும் நாட்டில் அரச பாடசாலைகள் செய்திருக்க வேண்டியதை ஒரு தனியார் பாடசாலை செய்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

இதை வீட்டுக் கல்வி கேட்டு வருவோரிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேறு ஏற்பாடு செய்யலாம் என்ற விலக்கு, பிள்ளையின் நன்மைக்காகப் பெற்றோர் எடுத்துக்கொள்ளும் உரிமை. வேண்டாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப ஒரு பாடசாலையோ ஊரோ அதைப் பயன்படுத்தினால், சலுகையாக எழுதப்பட்ட சொற்களே தண்டனையாகிவிடும். வலது குறைந்த பிள்ளைக்கும், வகுப்பில் துன்புறுத்தப்பட்ட பிள்ளைக்கும் “வீட்டிலேயே படிக்கட்டுமே” என்று யாராவது புத்தி சொல்லும்போது, அது யாருடைய வசதிக்காக என்று கேட்பது சட்டத்தரணியின் கடமை.

உண்மையாகவே விரும்பித் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் பாதை சுலபமில்லை. “போதுமான, தகுந்த” என்ற சொற்களுக்கு விதியில் அளவுகோல் இல்லாததால், கேள்வி வரும் நாளில் பெற்றோரின் கையில் இருப்பதுதான் பேசும். யார் படிப்பிக்கிறார், எந்தப் பாடத்திட்டம், வாரத்தில் எத்தனை மணித்தியாலம் என்பதை எழுதி வையுங்கள். பிள்ளையின் கொப்பிகளைத் திகதியோடு சேர்த்து வையுங்கள். க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். இலண்டன் பரீட்சைகளுக்கு பிரிட்டிஷ் கவுன்சில் வழியாக விண்ணப்பிக்கலாம். பிள்ளை எந்தப் பரீட்சையை நோக்கிப் படிக்கிறது என்று காட்ட முடிந்தால், ஏற்பாடு தகுந்தது என்ற வாதத்துக்குக் கால் முளைக்கும்.

இவற்றையெல்லாம் சொல்லுமுன் ஒன்று கேட்பேன்: நாளைக்கே மனம் மாறினால், இந்தப் பிள்ளையைச் சேர்க்க ஒரு பாடசாலை இருக்கிறதா? இருந்தால் வீட்டுக் கல்வி உங்கள் தெரிவு, நேரசூசியை எழுதுவோம். இல்லையென்றால் முதலில் எழுத வேண்டியது மனு. உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. மறுக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு யோசிக்கக் கிடைக்கும் காலம் அவ்வளவுதான்.