கேள்வியே முதற்பாடம்

தத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் கைகூப்பி விலகிக்கொள்கிறோம். அது பண்டிதர்களுக்கும் துறவிகளுக்கும் உரியது. நமக்குக் கோயிலும் பூசையும் போதும் என்று ஒரு பணிவு. அப்பணிவில் குறை ஒன்றும் இல்லை. ஆயினும், உயிர் என்பது என்ன, இறந்தபின் எங்கே போகிறோம், இறைவன் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்னும் கேள்விகள் ஏடுகளைத் தேடிப் போகாதவர் வீட்டிலும் எழுகின்றன. அவற்றை முதலில் கேட்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகளே.

என் இல்லாள் சிவபதம் அடைந்த 16-ஆம் நாள், காரியங்கள் முடிந்து உறவினர் அமர்ந்திருந்த வேளையில், ஏழு வயதுப் பேரன் என்னருகே வந்தான். "தாத்தா, பாட்டி இப்போ எங்கே இருக்காங்க?" என்றான். சாமியிடம் போய்விட்டாள் என்று வீட்டார் முன்பே சொல்லியிருந்தனர். அதில் அவன் மனம் அடங்கவில்லை. "அங்கே அவங்களுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?" என்று மீண்டும் கேட்டான். சிறுபிள்ளை இதெல்லாம் பேசக்கூடாது என்று ஒருவர் அவனை அதட்டினார். நான் அவனை மடியில் இருத்திக்கொண்டேன். பதினாறு நாட்களாக என் நெஞ்சில் கிடந்த கேள்வியும் அதுவே.

அன்று அவனுக்குக் கடோபநிடதத்தில் வரும் நசிகேதனின் வரலாற்றைச் சொன்னேன். தந்தை தம் வேள்வியில் பால் வற்றிய கிழப் பசுக்களைத் தானமாகக் கொடுப்பது கண்டு மனம் பொறாத சிறுவன், தன்னை யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று மும்முறை கேட்டான். சினமுற்ற தந்தை, எமனுக்கு என்று சொல்லிவிட்டார். எமன் வீட்டில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருந்தவனுக்கு மூன்று வரங்கள் கிடைத்தன. முதல் வரத்தால் தந்தையின் சினம் தணியக் கேட்டான். இரண்டாம் வரத்தால் சுவர்க்கம் தரும் வேள்வித் தீயைப் பற்றி அறிந்துகொண்டான். மூன்றாவதாக, இறந்தபின் மனிதன் இருக்கிறானா, இல்லையா என்று கேட்டான். பொன்னும் யானையும் குதிரையும் நீண்ட ஆயுளும் தருகிறேன், இதை மட்டும் கேளாதே என்றான் எமதர்மன். சிறுவன் அசையவில்லை. இத்தகைய கேள்வியாளன் வாய்ப்பது அரிது என்று எமனே மகிழ்ந்து உபதேசம் செய்தான்.

"எமன் என்ன பதில் சொன்னார்?" என்றான் பேரன். உடம்புக்குத்தான் அழிவு, உள்ளிருக்கும் ஆன்மாவுக்குப் பிறப்பும் இறப்பும் இல்லை என்று சொன்னார் என்றேன். "அப்போ ஞாபகம்?" என்றான். "அதை நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாம் இருவரும் சேர்ந்து யோசிப்போம்" என்றேன். தலையசைத்துவிட்டு விளையாடப் போனான். அதன்பின் அவன் எந்தக் கேள்வியையும் என்னிடம் மறைத்ததில்லை.

சில மாதங்கள் கழித்து, சாமி எங்கும் இருக்கிறார் என்றால் ஏன் தெரியவில்லை என்று வந்து நின்றான். இதற்குச் சாந்தோக்கிய உபநிடதம் நமக்கு ஓர் எளிய வழி காட்டியிருக்கிறது. 12 ஆண்டுகள் குருகுலத்தில் பயின்று, கற்றோம் என்னும் செருக்கோடு திரும்பிய மகன் சுவேதகேதுவிடம் தந்தை உத்தாலகர் நீரில் உப்பை இடச் சொன்னார். மறுநாள் காலை, அந்த உப்பை எடுத்துத் தா என்றார். தேடியும் அது அகப்படவில்லை. பின்பு நீரை மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சுவைத்துப் பார்க்கச் செய்தார். எங்கும் உப்பே. நாங்களும் ஒரு செம்பு நீரில் அவ்வாறே செய்து பார்த்தோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கண்ணுக்குத் தெரியலே, நாக்குக்குத் தெரியுது" என்றான். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குழந்தைகள் அவ்வளவாகக் கேளாத கேள்வி ஒன்று உண்டு. நான் என்பது யார் என்னும் அக்கேள்வி முதுமையில் நம்மைத் தேடி வருகிறது. உத்தியோகமும் அதிகாரமும் உடல் வலிமையும் ஒவ்வொன்றாகக் கழன்றபின், எஞ்சி நிற்பது எது என்று மனம் கேட்கிறது. சைவ மரபு கூறும் ஒரு வரலாறு இங்கே நமக்குத் துணையாகும். சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்ற அருணந்தி சிவாசாரியார், திருவெண்ணெய்நல்லூரில் குழந்தையாயிருந்த மெய்கண்டார் மாணவர்களுக்கு உபதேசிப்பதைக் கேள்வியுற்று அங்கே சென்றார். ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவினார். குழந்தை பேசவில்லை. எதிரே நின்ற அவரையே மேலும் கீழும் நோக்கியது. முதியவர் உணர்ந்தார், அடிபணிந்து சீடரானார். 12 சூத்திரங்களே கொண்ட சிவஞானபோதத்தைத் தம் குருநாதரிடம் பயின்று, பின்னர் அதன் வழிநூலாகச் சிவஞான சித்தியாரை அருளியவர் அவரே. ஆகமங்கள் அனைத்தும் கற்றவருக்கும் மீண்டும் முதற்பாடத்தில் அமர்வது இழுக்காகவில்லை.

ஆகையால், பேரக்குழந்தைகள் இத்தகைய கேள்விகளோடு வந்தால், அன்பர்களே, அவர்களை அதட்டி அனுப்பிவிட வேண்டாம். எல்லா விடைகளும் தெரிந்தவர்போல் பேசவும் வேண்டாம். ஒரு கதை, ஒரு செம்பு நீர், சற்றுப் பொறுமை, இவை தொடங்குவதற்குப் போதும்.

அடுத்த பிரதோஷத்தன்று குழந்தையைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பிராகாரத்தை வலம் வரும்போது, கருவறையின் தெற்குச் சுவரில், கல்லால மர நிழலில் தட்சிணாமூர்த்தி எழுந்தருளியிருக்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். குரு இளையவராகவும், காலடியில் அமர்ந்த சனகாதி முனிவர்கள் முதியவர்களாகவும் இருப்பது ஏன் என்று குழந்தை கேட்கக் கூடும். கேட்கட்டும். அவசரப்பட்டு விடை சொல்லாமல், அந்த மௌன குருவின் முன் இருவரும் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வாருங்கள்.