யாத்திரைப் பாதையில்

திண்டுக்கல்–பழனிச் சாலையோரம் பாதயாத்திரை பக்தர்களுக்கென இட்ட நடைபாதையில், ஒட்டன்சத்திரத்துக்கருகே, கல்லூரி செல்லுமுன் நாள்தோறும் நடக்கிறோம், கணவனும் மனைவியுமாக. பக்தியன்று காரணம், இருவருக்கும் சர்க்கரை நோய். காலணியின்றி நடப்பதில்லை. உணர்விழந்த பாதம் காயத்தை அறியாது. அப்பா காலை இழந்தது அப்படித்தான்.

தைப்பூசம் நெருங்கினால் பாதை நிறைந்துவிடும். பழனிக்கு இன்னும் ஏறத்தாழ 30 கி.மீ. இருக்க, சென்ற தையில் ஓர் அம்மையார் அமர்ந்து, வெறுங்காலின் கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் காலணிகளைப் பார்த்து, "கோயிலுக்கு இல்லீங்களா?" என்றார்.

"இல்லைங்கம்மா, சர்க்கரைக்காக நடக்கிறோம்."

"எங்க வீட்டுக்காரருக்கும் அதுதானுங்க. கால்ல புண்ணு, நடக்க முடியாது. அவருக்காகத்தான் நான் நடக்கிறேன்."

காலணி வேண்டுமா என்று கேட்க நா எழவில்லை. அப்பாவுக்காக எங்கள் வீட்டில் எவரும் நடந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் எழுந்ததும் வழிவிட்டு நின்றோம்.