சுவர் கற்பித்த பாடம்

இராயபுரம் இராபின்சன் பூங்காவை நாம் கடக்கும்போதெல்லாம் இரண்டு கொடிகள் நம் நினைவில் பறக்கும். 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடமன்றோ அது! திராவிடர் கழகத்தின் கொடி கருப்பு. அதன் நடுவே சிவப்பு வட்டம். தி.மு.கழகத்தின் கொடியோ, மேற்பாதி கருப்பு, கீழ்ப்பாதி சிவப்பு. நிறங்கள் அவையே, அமைப்புதான் வேறு. ஒன்றில், சூழ்ந்த இருளின் நெஞ்சில் கனல் இருக்கிறது. மற்றொன்றில், இருளுக்கு அடியிலிருந்து செம்மை எழுகிறது. நாம் அப்படித்தான் படிக்கிறோம்.

புள்ளி, கோடு, வடிவம், நிறம், வெற்றிடம்: இவை வடிவமைப்போனின் கருவிகள். சமநிலை, முரண், முதன்மை, ஒருமை: இவை அவன் கைக்கொள்ளும் நெறிகள். கருவி எல்லார்க்கும் பொது. நெறியோ, யாருக்காக, எதற்காக என்ற கேள்வியில் பிறப்பது.

திருவொற்றியூருக்கு வாருங்கள். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியில் தூரிகையால், கை நடுங்காமல், கோடிழுத்த கலைஞர்களால் புகழ்பெற்ற ஊர் இது. அந்தக் கோடு வளைவோடு வளைந்து கண்ணை இழுத்துச் செல்லும். அழகே அதன் வேலை. அதே சாலையில் நச்சு வாயு ஏற்றிய லாரி வந்தால், அதன் முதுகில் வெள்ளைச் சாய்சதுரம், அதனுள் கருப்பு மண்டையோடு. அங்கும் கோடுதான், ஆனால் அது கண்ணைத் தடுத்து நிறுத்துகிறது. எழுத்தறியாதவரும் அஞ்சி விலகுவர். பக்கத்தில் 1005 என்றிருந்தால் அது அம்மோனியா என்பதை மட்டும் யாரேனும் சொல்லித் தந்தால்தான் அறிவர்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். எந்தத் திசையில் ஓடுவது என்று அவர்களுக்கு யார் சொல்லி வைத்திருந்தார்கள்?

நாம் சொல்வோம் என்று கிளம்பினோம். நண்பர்கள் கூடிச் சுவரொன்றில் எழுதினோம். ஏழு நிறங்கள், பூவேலைக் கரை, எல்லாவற்றிலும் பெரிதாக நம் படிப்பகத்தின் பெயர். அறிவுரையோ மூலையில், பொடி எழுத்தில்! மீன்கூடையோடு வந்த அம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னா தம்பி, படிப்பகத்துக்கு ஆண்டு விழாவா?"

நாம் தலைகுனிந்தோம். ஊருக்கு அறிவு சொல்ல வந்தோமா, நம் பெயரைச் சொல்ல வந்தோமா? நம் எழுத்தின் அளவே நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்றே சுண்ணாம்பு அடித்தோம். வெள்ளைப் பரப்பு, கருப்பு எழுத்து, மேலே பெரிதாக "அம்மோனியா". கீழே இரண்டே வரி: "ஈரத்துணியால் மூக்கை மூடு. காற்று போகும் திசையில் ஓடாதே, குறுக்கே விலகு." அம்மோனியா நீரில் எளிதில் கரையும், ஈரத்துணி சொன்னது அதனால். எழுத்தறியாதவர்க்காகக் காற்றுக்கு ஓர் அம்பு, காலுக்கு ஓர் அம்பு. கால் அம்பு மட்டும் சிவப்பு. மற்ற இடமெல்லாம் வெறுமை. நம் பெயர் இல்லை.

மறுநாள் அந்த அம்மா, பேரப்பிள்ளையின் விரலைப் பிடித்துச் சிவப்பு அம்பைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தோழர்களே, தூரிகை எடுக்குமுன் கேளுங்கள்: இந்தச் சுவரில் முதலிடம் யாருக்கு? படிப்பவனுக்கா, நமக்கா?